தசமச் சமன்பாடுகளைத் தீர்த்தல்

தெரியாத ஓர் எண்ணைத் தெரிந்த எண்களோடு சமக்குறியால் தொடுத்து எழுதுவது சமன்பாடு. தெரியாத எண் வர்க்கமாகவோ கனமாகவோ வராவிட்டால் அது எளிய சமன்பாடு. 1557 இல் சமக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கோர்ட், இரு சமாந்தரக் கோடுகளைவிட ஒத்தவை வேறில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார்.

தென்மராட்சித் தோட்டங்களின் விளைச்சல் வந்து சேரும் கொடிகாமம் சந்தையில் ஒரு கடகம் நிறுக்கப்படுகிறது எனக் கொள்க. உள்ளே ஒத்த நிறையுள்ள 12 உரித்த தேங்காய்கள். மொத்த நிறை 9.6 கிலோகிராம், வெறுங்கடகம் 0.6 கிலோகிராம். ஒரு தேங்காயின் நிறையை 'க' என்று குறித்தால்:

12க + 0.6 = 9.6

தராசின் ஒரு தட்டில் எடுத்ததை மறுதட்டிலும் எடுத்தால் முள் அசையாது; சமன்பாடும் அப்படித்தான். இருபுறமும் 0.6 ஐக் கழித்தால் 12க = 9; இருபுறமும் 12 ஆல் வகுத்தால் க = 0.75. ஒரு தேங்காய் 750 கிராம்.

தெரியாத எண்ணின் குணகமே தசமமாக இருந்தால், முதலில் புள்ளியை அகற்றிவிடுவது இலகு. 0.25 கிலோகிராம் பச்சை மிளகாயும் 62 ரூபா 50 சதத்துக்குக் கீரையும் சேர்ந்து 212 ரூபா 50 சதம் என்றால், மிளகாய் கிலோ என்ன விலை? இலங்கை ரூபா 1872 முதல் 100 சதமாகப் பகுக்கப்படுவதால் சதங்களையும் தசமத்திலேயே எழுதலாம். இங்கே ஒரு கிலோ மிளகாயின் விலையை 'க' என்று குறித்தால்:

0.25க + 62.5 = 212.5

உறுப்புகளில் புள்ளிக்குப் பின் ஆகக்கூடியது இரண்டு இலக்கம். ஆகவே இருபுறமும் 100 ஆல் பெருக்க வேண்டும்.

25க + 6250 = 21250
25க = 15000
க = 600

கிலோ 600 ரூபா.

பிழை நேர்வது பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான். 62.5 இல் ஓரிலக்கமே இருப்பதால் அதை 625 ஆக்கிவிடுவது ஒன்று. புள்ளியில்லாத எண்ணைப் பெருக்காமல் விடுவது மற்றொன்று: 0.2க + 1.5 = 4 என்பதை 2க + 15 = 4 என்று எழுதினால் விடை -5.5 ஆகும். சரியான வடிவம் 2க + 15 = 40; விடை 12.5.

கிடைத்த விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பதே சோதனை. 0.2 × 12.5 = 2.5, அதனோடு 1.5 சேர 4. இருபுறமும் ஒத்துவந்தால் விடை சரி.