கிரயப் பத்திரம் வராத வீட்டின் நிலுவை

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ‘போர்டு வீட்டில்’, அதாவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில், இருப்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சொந்த வீடு என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில் எல்லாம் அந்த முகவரியில்தான். டைல்ஸ் போட்டதும், பால்கனியை அடைத்து ஓர் அறை எடுத்ததும் சொந்தக் காசில்தான். ஆனால் தவணை முழுவதும் கட்டி முடித்து, கிரயப் பத்திரம் பதிவாகும் வரை சட்டப்படி அவர் ஒதுக்கீடு பெற்றவர், அவ்வளவே. பணம் கட்டாததற்காக ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியும். ரத்தாகிவிட்டால், இருபது வருடம் வாழ்ந்த வீட்டிலேயே அந்தக் குடும்பம் ‘அனுமதியின்றிக் குடியிருப்பவர்’ ஆகிவிடும்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடக்கும். தமிழக அரசு இடங்களுக்கென்று 1975ஆம் ஆண்டின் பொது இடங்கள் (அனுமதியற்ற குடியிருப்போரை வெளியேற்றுதல்) சட்டம் இருக்கிறது. துறைமுகம், ரயில்வே போன்ற மத்திய நிறுவனங்களின் குவார்ட்டர்ஸுக்கு 1971ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாமல் இருப்பவர்கள் மாட்டுவது இதில்தான். மத்தியச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்குப் பதில் தரக் கிடைப்பது அதிகபட்சம் 7 நாள். இதை விசாரிக்கும் அதிகாரியான எஸ்டேட் ஆபீசர் வெளியேற்ற உத்தரவு போட்டால் காலி செய்ய 15 நாள். அதை எதிர்த்து மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய 12 நாள். ‘சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கிக்கலாம்’ என்று தெருவில் யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம். இந்த உத்தரவுகளை எதிர்த்து சிவில் வழக்குப் போடச் சட்டமே தடை விதித்திருக்கிறது.

நோட்டீஸை ஆள் கையில்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. மத்தியச் சட்டத்தின்படி, வெளிக்கதவில் ஒட்டினாலே சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தகவல் கொடுத்ததாக ஆகிவிடும். கதவில் ஒட்டிய தாளைப் பிள்ளைகள் கிழித்துவிட்டார்கள், நான் கடலுக்குப் போயிருந்தேன் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நாள் எண்ணுவது அதற்காக நிற்காது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது கைமாறிய வீடுகள்தான். முதலில் ஒதுக்கீடு பெற்றவர் என்றோ விற்றுவிட்டுப் போயிருப்பார். வாங்கியவரிடம் இருப்பது முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம், மிஞ்சினால் ஒரு பவர் பத்திரம். வாரியத்தின் கணக்கில் பழைய பெயர்தான் நிற்கிறது, நோட்டீஸும் அந்தப் பெயருக்குத்தான் வரும். ‘இது நம்ம பேர்ல இல்லையே’ என்று வாங்கியவர் தாளை மடித்து வைத்துவிடுவார். வெளியே போக வேண்டியவர் அவர்தான் என்பது அதிகாரிகள் வந்து நிற்கும்போதுதான் புரியும். வாரியத்தின் அனுமதியில்லாமல் நடந்த அந்தக் கைமாற்றமே ஒதுக்கீட்டை ரத்து செய்ய இன்னொரு காரணமாகவும் ஆகலாம்.

நிலுவை எப்படிச் சேர்கிறது என்பது இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைப்பவர், காசிமேட்டில் மீன் சுத்தம் செய்யும் பெண்கள் என அத்தனை பேரின் வருமானமும் அதோடு படுத்துவிடும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, வலை, படகு எல்லாவற்றிலும் தார்போல் எண்ணெய் அப்பிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் பிடித்த மீனை வாங்க ஆளில்லை. அப்படிப்பட்ட மாதத்தில் முதலில் தள்ளிப்போவது பராமரிப்புத் தொகைதான். கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள், கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார். மெயின்டனன்ஸ் கட்டாவிட்டால் உடனே ஒன்றும் நடக்காது. அது சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்துக் குடும்பங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்ட் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிவதை இங்கே பல கட்டடங்களின் சன்ஷேடிலும் படிக்கட்டின் அடியிலும் பார்க்கலாம். இதைச் சரிசெய்யாதவர்களுக்கு எதற்குப் பணம் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கட்டாமல் இருப்பது அந்தக் கேள்விக்கு உதவாது. எஸ்டேட் ஆபீசரின் முன்னால் கட்டடத்தின் நிலை பேசப்படாமல் போகலாம், நிலுவைப் பட்டியல் கட்டாயம் பேசப்படும். குறையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, பணத்தையும் கட்டி வருகிறவரின் கை அங்கே பலமாக இருக்கும். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் தரும் என்பது ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தின் ஏற்பாடு. வசூல் குறைந்தால் அந்தப் பங்கும் குறையும்.

கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் கடன் வாங்கியவர்களின் வழி வேறு. அங்கே பத்திரம் சங்கத்தில் அடமானமாக இருக்கும். நிலுவை விழுந்தால் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், பிரிவு 90இன் கீழ் விவகாரம் பதிவாளர் தரப்புக்குப் போகும். விசாரணைக்குப் போகாவிட்டால் ஒருதலையாகவே தீர்ப்பாகி, ஜப்தி, ஏலம் என்று நீளும். ‘எலெக்‌ஷன் வருது, தள்ளுபடி பண்ணிடுவாங்க’ என்று காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வப்போது அறிவிக்கப்படும் சலுகைகள் பெரும்பாலும் அபராத வட்டிக்கும் வட்டிக்கும்தான். அசலைக் குறித்த கெடுவுக்குள் கட்டுபவருக்குத்தான் அதுவும் கிடைக்கும்.

பணம் கட்டி வாழ்ந்தும் வீடு முழுதாகச் சொந்தமாகாத முடிச்சு நியூயார்க்கின் கூட்டுறவு அடுக்குமாடிகளிலும் இருக்கிறது. அங்கே குடியிருப்பவருக்குச் சொந்தம் சங்கத்தின் பங்குகள்தான், வீட்டில் அவர் குத்தகைதாரர். மாதக் கட்டணம் கட்டாவிட்டால் வாடகைதாரரைப் போலவே அவர்மீது வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன் 14 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும் என்று 2019இல் சட்டம் செய்தார்கள். அந்த 14 நாளை நம் மத்தியச் சட்டத்தின் 7 நாளோடு வைத்துப் பார்த்தால், தினக்கூலிக் குடும்பத்துக்கு நாம் கொடுத்திருப்பது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

1985இல் மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வெளியேற்றும் முன் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிப்பதே நியாயமான நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாய்ப்பு கேட்பவருக்குத்தான் பயன்படும். நோட்டீஸ் வந்த அன்றே அதன் தேதியையும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதையும் பாருங்கள். நிலுவைக் கணக்கை ஆண்டுவாரியாக எழுத்தில் கேளுங்கள், கட்டிய தொகை வரவு வைக்கப்படாமல் போவது உண்டு. மெஷின் ரசீதில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துப்போகும், கட்டிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கட்ட முடிந்த தொகையைக் கட்டி, மிச்சத்துக்குத் தவணை கேட்டு மனுக் கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. உத்தரவு வந்தபிறகு அழைப்பவர்கள், மத்தியச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கான 12 நாளில் ஞாயிறும் பண்டிகையும் சேர்த்தே எண்ணப்படும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.