விளையாட்டில் விளைந்த அச்சம்



அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களிலே தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்துரைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அந்நான்கு. பேயும் தெய்வமும் போன்றவை அணங்கு. கொடிய மிருகங்கள் விலங்கு. தீத்தொழில் புரிவோர் கள்வர். நாம் செய்த பிழைக்கு நம்மை ஒறுக்கும் உரிமையுடையோர் இறை. இப்பழைய பாகுபாடு இக்காலத்துப் புதுக்கலை ஒன்றினை விளங்கிக்கொள்வதற்கும் துணைசெய்கின்றது. யப்பானியர் ஆக்கிய திகில் வீடியோ விளையாட்டுக்களை மேல்நாட்டார் திரைப்படமாக்கிய வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

விளையாட்டிலே ஆராய்வதற்கு என்ன உண்டு என நேயர்களுட் சிலர் வினவக்கூடும். யானும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒருநாள் எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, விளையாடும்போது நடுங்கினேன், அதனையே படமாகப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லையே, ஏன்?" என்று கேட்டான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவே இப்பேச்சுக்கு வித்து.

1996 ஆம் ஆண்டிலே கப்கொம் என்னும் யப்பானிய நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. யப்பானிலே அதன் பெயர் 'பயோஹசாட்'. மேல்நாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்'. அதனை நெறிப்படுத்தியவர் ஷின்ஜி மிக்காமி. காட்டின் நடுவே தனித்ததொரு மாளிகை. அதனுள்ளே நோய்க்கிருமியினால் நடைப்பிணமாகிய மனிதரும் வெறிகொண்ட நாய்களும் உலவுகின்றனர். நடைப்பிணக் கதைகளுக்குத் திரையிலே மரபு வகுத்தவர் அமெரிக்க நெறியாளர் ஜோர்ஜ் ரொமேரோ. அம்மரபைத் தொடக்கிய அவருடைய படம் 1968 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆகவே, மேல்நாட்டுத் திரையிலிருந்து யப்பான் கடன்பெற்ற அச்சத்தையே பின்னர் மேல்நாடு திரும்பப் பெற்றது எனலாம்.

இவ்விளையாட்டில் அச்சம் எவ்வாறு விளைகின்றது? ஆடுபவன் தான் விரும்பிய கோணத்தில் நோக்க இயலாது. காமெரா ஒரு மூலையில் அசையாது நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் நிற்பது யாதெனத் தெரியாது. காலடியோசை மாத்திரம் கேட்கும். துப்பாக்கி உண்டு, குண்டுகளோ மிகச் சில. ஆட்டத்தின் நிலையைப் பதிந்துவைப்பதற்குத் தட்டச்சுப்பொறியின் மைநாடா வேண்டும். அதுவும் அளவோடுதான் கிடைக்கும். அடுத்த அறையின் தரவுகளைப் பொறி எடுத்துக்கொள்ளும் நேரத்தை மறைப்பதற்காகவே, கதவு மெல்லத் திறக்கும் காட்சி அமைக்கப்பட்டது. ஆயினும், உள்ளே என்ன இருக்குமோ என்று நெஞ்சைப் பதைக்கச் செய்ததும் அக்காட்சியே. எதிர்ப்பதா, ஓடுவதா என்னும் முடிவு ஆடுபவனுடையது. படம் பார்ப்போனுக்கு இப்பொறுப்பு இல்லை. பாத்திரம் தவறிழைத்தால் அவன் இரங்குவான்; தானே தவறினான் என்று வருந்த மாட்டான்.

இவ்விளையாட்டைப் படமாக்க முனைந்தபோது ரொமேரோவும் ஒரு திரைக்கதை எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பின்னர் போல் அண்டர்சன் என்னும் ஆங்கிலேயர் எழுதி நெறிப்படுத்திய படம், பேர்லின் நகரிலே எடுக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. விளையாட்டிலே இல்லாத அலிஸ் என்னும் வீரப்பெண்ணை அவர் கதைத்தலைவியாக்கினார். 2016 வரை ஆறு படங்கள் தொடர்ந்தன. உலகெங்கும் 120 கோடி டொலருக்கு மேல் வசூலாயிற்று. ஆயினும், விளையாட்டில் ஒளிந்தும் ஓடியும் உயிர்காத்த நிலை மறைந்து, பகைவரை உதைத்து வீழ்த்தும் வீரம் மேலோங்கிற்று. தொல்காப்பியரின் மொழியிற் கூறின், அச்சம் இருந்த ஆசனத்திற் பெருமிதம் வந்து அமர்ந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, கொனாமி நிறுவனம் 1999 இல் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்'. தந்தை ஒருவர், காணாமற்போன தம் மகளை மூடுபனி சூழ்ந்த அமெரிக்க ஊரொன்றிலே தேடி அலைகின்றார். அக்காலப் பொறியினால் தொலைவிலுள்ளவற்றை வரைந்துகாட்ட இயலவில்லை. அக்குறையை மறைத்த பனியே கலையின் அணியாயிற்று. வானொலி நேயர்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. கதைநாயகனிடம் சிறியதொரு வானொலிப் பெட்டி இருக்கின்றது. கொடிய உருவம் அணுகும்போது அப்பெட்டி இரையத் தொடங்கும். கண் காணுமுன் செவி அறிந்துவிடுகின்றது. இஃது அணங்கின் அச்சம்.

பிரெஞ்சு நெறியாளர் கிறிஸ்தோப் கான்ஸ் இதனை 2006 இல் படமாக்கினார். அகிரா யமயோக்கா விளையாட்டுக்கு அமைத்த இசையையே அவர் படத்திலும் பயன்படுத்தினார். பென்சில்வேனியாவிலே சென்ட்ரேலியா என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1962 இல் பற்றிய தீ இன்றும் அணையவில்லை. அதனை மனத்திற்கொண்டு, சாம்பல் மழை பொழியச் செய்தார். தேடும் தந்தையைத் தாயாக மாற்றினார். இடத்தையும் ஓசையையும் காப்பதில் அவர் பெருமளவு வென்றார்.

ஆயினும் ஓரிடத்தில் இடறினார். 2001 இல் வந்த இரண்டாம் விளையாட்டிலே, தலையில் பிரமிட்டு வடிவான இரும்பு மூடி தாங்கிய உருவம் ஒன்று தோன்றும். நோயுற்ற மனைவியைத் தன் கையாற் கொன்று, அவ்வுண்மையைத் தனக்குத்தானே மறைத்து வாழும் ஒருவனை அது பின்தொடரும். தன்னை ஒறுப்பார் ஒருவர் வேண்டும் என்று அவன் உள்ளம் அவாவியமையாலேயே அது தோன்றிற்று. இதுவே 'தம் இறை'யால் வரும் அச்சம். 2006 ஆம் ஆண்டுப் படத்திலும் அவ்வுருவம் வருகின்றது. ஆனால் குற்றமற்ற ஒரு தாயின் முன்னே வருகின்றது. வடிவம் வந்து சேர்ந்தது. அதனை ஈன்ற குற்றவுணர்வு வந்து சேரவில்லை.

அவ்வாறாயின் மூலத்தை அப்படியே பின்பற்றுதல் போதுமா? அதுவும் போதாது. 2021 இல் ஜொஹானஸ் ரொபேட்ஸ் 'ரெசிடென்ட் ஈவில்' கதையை மீண்டும் எடுத்தார். விளையாட்டின் மாளிகையையும் பொலிஸ் நிலையத்தையும் கவனமாக அமைத்தார். பாத்திரங்களின் பெயர்களையும் பேணினார். ஆயினும் இரண்டு விளையாட்டுக்களின் நிகழ்ச்சிகளை ஒரே படத்திலே திணித்தமையால், தயங்கித் தயங்கிக் கதவு திறக்கும் அவகாசம் இல்லாதொழிந்தது. சுவர்களைப் பெயர்த்துக் கொணரலாம். தயக்கத்தைக் கொணர்தல் அரிது.

அம்மாணவனுக்கு இப்பொழுது இவ்வாறு விடை கூறுவேன்: "தம்பி, விளையாட்டிலே கதவைத் திறந்தவன் நீ. படத்திலே வேறொருவர் திறக்க, நீ பார்த்திருந்தாய். உன் கையினால் நேரக்கூடிய பிழைக்கே நீ அஞ்சினாய்."

தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் உணர்வு அவ்வச்சத்தின் அடியிலே இருந்தது. அதனை இழந்த திரைப்படம் நம்மைத் திடுக்கிடச் செய்யலாம். உறக்கம் கெடச் செய்யாது. பார்த்திருப்போனையும் பொறுப்பாளியாக உணரச்செய்யும் நெறியாளரே மூலத்தின் உயிரைத் திரைக்குக் கொணர்ந்தவராவர்.