பதினெட்டு வயது ஆயிற்று; கிராம சபைக்குப் போனோமா?

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 2011 முதல் ஆண்டுதோறும் அன்று கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கிறோம். பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அடையாள அட்டை கொடுத்துக் கைதட்டுகிறோம். மறுநாளே குடியரசு தினம். ஊரில் கிராம சபை கூடுகிறது. முதல் நாள் உறுதிமொழி எடுத்தவர்களில் எத்தனை பேர் அங்கே போய் உட்காருகிறார்கள்?

இளைஞர்கள் பொதுவாழ்வுக்கு வரவேண்டும் என்று அரசு சொல்லாத நாளில்லை. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த சட்டத்திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 17 வயது முடிந்தவர்களே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த அழைப்பு பெரும்பாலும் வாக்குச்சாவடியோடு முடிந்துவிடுகிறது. ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் கிராம சபையோ ஆண்டுக்கு ஆறு முறை. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதுமில்லை.

சட்டத்தில் இப்படி. ஊரில் எப்படி?

ஓர் ஊராட்சியில் நாம் கண்டதைச் சொல்கிறோம். காலனிப் பிள்ளைகள் ஐந்து பேர், கல்லூரியில் படிப்பவர்கள், சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். மழைக்காலத்தில் பிணத்தைச் சுமந்து வயல் வரப்பில்தான் போகவேண்டும். ஆனால் கூட்டம் நடந்தது ஊர்க் கோயில் மண்டபத்தில். காலனிக்காரர்கள் அந்தப் படி ஏறியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் நம் பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். வருகைப் பதிவேடு மட்டும் அவர்களிடம் வந்தது. "அடுத்த தடவை பார்க்கலாம் தம்பி" என்ற பதிலோடு மனு திரும்பி வந்தது.

பிள்ளைகள் சண்டைக்குப் போகவில்லை. கிராம சபையை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று அரசு சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டி, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்தார்கள். அடுத்த கூட்டம் பள்ளிக்கூடத் திடலில் நடந்தது. எல்லோரும் தரையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சுடுகாட்டுப் பாதை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. "இத்தனை வருசம் கையெழுத்து மட்டும்தான் போட்டோம். எதுக்குப் போடுறோம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது" என்றார் ஓர் அம்மா. பாதை இன்னும் வரவில்லை. ஆனால் கேட்டதற்கு இப்போது எழுத்தில் சாட்சி இருக்கிறது.

அந்தத் திடலில் உட்காருவதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை சிறியதல்ல. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997-இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் வரக்கூடாது என்பதற்காகவே பத்தாண்டுகள் தேர்தலை முடக்கினார்கள். 2006-இல்தான் அங்கே வழி திறந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாசலை நாம் எட்டிப் பார்க்காமல் இருக்கலாமா?

மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டியவை சில. கூட்டம் செல்ல மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். வரவு செலவுக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். கூட்டத்தை ஒரே இடத்தில் அல்லாமல் சுழற்சி முறையில் நடத்தவேண்டும். நம் காலனிக்கும் அந்த முறை வரவேண்டும். எழுதப்பட்ட தீர்மானத்தின் நகலை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். வாசிக்காத தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து பதிவேட்டை நீட்டினால் அம்மா, அப்பாவையும் போடவிடாதீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. இளைஞர்களை அழைத்தால் மட்டும் போதாது; அவர்கள் கூச்சமும் அச்சமும் இல்லாமல் உட்காரும் இடத்தில் கூட்டத்தை நடத்தவேண்டும். தலித் தலைவர்கள் கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. கடிதம் எழுதியதோடு நில்லாமல், விதியை மீறிக் கூட்டம் நடத்துவோர் மீது நடவடிக்கை எடுத்தால்தான் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும்.

அடுத்த கிராம சபைக்கு நாம் தனியாகப் போகவேண்டாம். ஐந்து பேராகப் போவோம். கையில் ஒரு மனு இருக்கட்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வரவேண்டாம்.