தொலேதோவின் சுவரில் ஒரு ராஜ வாழ்த்து

ஸ்பெயினில் தொலேதோ என்று ஒரு பழைய நகரம். அங்கே எல் டிரான்சிட்டோ என்கிற யூத ஜெப ஆலயம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் வெறும் செங்கல் சுவர்தான். இன்று அது செபார்டி அருங்காட்சியகம். செபார்டிகள் என்றால் ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்கள். டீ ஆறுவதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டியவர் சாமுவேல் ஹலேவி, காஸ்டில் ராஜ்யத்தின் மன்னர் பெத்ரோவின் பொக்கிஷதாரர். ராஜா உத்தரவு இல்லாமல் யூதர்கள் புது ஜெப ஆலயம் கட்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். கஜானாவைக் கவனித்தவருக்கு உத்தரவு கிடைத்தது. 1357 வாக்கில் ஆலயம் எழுந்தது.

உள்ளே போனதும் கிழக்குச் சுவரைப் பாருங்கள். தோரா என்னும் யூத வேதச் சுருள்களை வைக்கும் மாடத்துக்கு மூன்று வளைவுகள்; சுற்றிலும் கொடியும் இலையுமாகச் சுதை வேலை. சுவரின் மேல் விளிம்பில் எபிரேயத்தில் வேதத்தின் சங்கீத வரிகள் ஓடுகின்றன. இடையிடையே அரபியும் உண்டு. யூதர்கள் தொழும் இடத்தில் அரபி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1085 வரை தொலேதோ முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஊர். ஆட்சி மாறினாலும் அந்தக் கைவேலையும் ரசனையும் போய்விடவில்லை. ஊர் யூதர்களுக்கும் அவை அந்நியமில்லை. போதாததற்கு, காஸ்டிலின் கோட்டையும் லியோனின் சிங்கமும் கொண்ட அரச சின்னமும் அதே சுவரில் இருக்கிறது.

மாடத்தின் இரு பக்கமும் உள்ள எபிரேய வாசகங்கள் கடவுளோடு பெத்ரோவையும் சாமுவேலையும் சேர்த்துப் புகழ்கின்றன. சில வருஷங்களிலேயே அதே பெத்ரோ சாமுவேலைப் பிடித்துச் சொத்தைப் பறித்தார். செவில் நகரில் சித்திரவதைக்கு ஆளாகி சாமுவேல் இறந்தார். மன்னருக்குச் சொன்ன வாழ்த்தை மட்டும் யாரும் சுரண்டி எடுக்கவில்லை.

1391இல் யூதர்களுக்கு எதிரான கலவரம். 1492இல், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற அரச ஆணை. யூதர்கள் போன பிறகு ஆலயம் கலத்ராவா என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையின் கைக்குப் போய்ச் சர்ச் ஆனது. நெப்போலியன் யுத்தத்தில் ராணுவம் தங்கியது. யாருக்காவது உபயோகப்பட்டுக்கொண்டே இருந்ததால் கட்டடம் தப்பியது. 1877இல் தேசிய நினைவுச்சின்னம். 1964இல் அருங்காட்சியகம் அமைக்க அரசாணை. பெண்கள் தொழுத மாடியிலும் இன்று காட்சிப்பொருள்கள் இருக்கின்றன.

ஆலயத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று ஸ்பெயின் 1877இலேயே முடிவு செய்துவிட்டது. விரட்டப்பட்டவர்களின் சந்ததிக்குக் குடியுரிமை தர அது தனிச் சட்டம் போட்டது 2015இல்தான்.