ஜி.எஸ்.பி. பிளஸ்: யாருக்கான நிபந்தனை?

ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையுடன் வழங்கும் வரிச்சலுகை. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த உடன்படும் நாடுகளின் பெரும்பாலான பொருட்கள் அங்கு தீர்வையின்றி நுழையலாம்.

சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உட்பட மூன்றை இலங்கை உரியவாறு நடைமுறைப்படுத்தவில்லை எனக் கூறி, 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம் மீண்டும் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்குவதாக அரசாங்கம் வாக்குறுதி அளித்திருந்தது. 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை.

சலுகை பறிபோனால் முதலில் வேலையிழக்கக்கூடியவர், கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண். அவரது அண்ணன் அதே சட்டத்தின்கீழ் சிறையில் இருக்கலாம். ஆகவே, சலுகையை நிறுத்தும்படி கேட்பதைவிட, வாக்குறுதியை நிறைவேற்றும் திகதியைக் கேட்பதே எமக்குப் பயன் தரும்.