பவானிபூர் அடுப்பில் ஒரு ரஷ்யக் கறி

நம்மைப் போன்ற சங்கங்களின் மலர்களில் வத்தக்குழம்பும் வரும், வங்காளத்து மீன் ஜோலும் வரும். மாட்டிறைச்சி மட்டும் ஏனோ வருவதில்லை. சாப்பிடாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் இதில் ஒரு பங்கு வைத்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த பதார்த்தத்தின் பெயர் பீஃப் ஸ்ட்ரோகனாஃப். உப்பு வாணிபத்தில் செல்வம் சேர்த்த ஸ்ட்ரோகனாவ் என்ற ரஷ்யக் குடும்பத்தின் பெயர் அது. எலெனா மொலொகோவெட்ஸ் என்ற அம்மையார் 1861இல் வெளியிட்ட சமையல் நூலின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் செய்முறை இருக்கிறது. அதில் கடுகும் புளித்த பாலேடும் உண்டு. வெங்காயமும் காளானும் கிடையாது. அவை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. ஊர்விட்டு ஊர் போன பண்டம், போன இடத்துச் சரக்கைச் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரியாத சங்கதியா?

கல்கத்தாவில் இதற்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடுகுக்குக் காசுந்தி. புளித்த பாலேட்டுக்கு, பாக்கெட் கிரீமுடன் துணியில் கட்டித் தொங்கவிட்ட டோக் தொய். ரஷ்யர்கள் இதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கை வைக்கோல் போல் சீவிப் பொரிப்பார்கள். வங்காளிகளின் ஜூரி ஆலு பாஜா கிட்டத்தட்ட அதேதான். காளான் எங்கள் பவானிபூர் ஜகுபாபு பஜாரிலேயே வாங்கிவிடலாம். கறிக்கு மட்டும் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். 1984இல் இந்நகரின் முதல் மெட்ரோ ஓடியதும் இந்த எஸ்பிளனேடு – பவானிபூர் பாதையில்தான். பவானிபூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர்.

கறி வாங்குவதில் கவனம் தேவை. மேலைநாட்டுப் புத்தகங்கள் 'ஐந்து நிமிடம் வதக்கினால் போதும்' என்று எழுதியிருக்கும். இங்கே அது சரிவராது. மேற்கு வங்கத்தின் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது மூப்பாலோ காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்று சான்றிதழ் பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். வயதான மாட்டின் தசைநார் கெட்டி. ஆகவே கறிக்கடை பாயிடம் 'அண்டர்கட்' கேளுங்கள். முதுகெலும்பின் அடியில் அதிகம் உழைக்காத பகுதி அது, மெதுவாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் வேறு துண்டை வாங்கி, குக்கரில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். நார் கரைந்து இளகிவிடும். வெந்த நீரையும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ கறி, 200 கிராம் காளான், பெரிய வெங்காயம் 2, பூண்டு 4 பல், வெண்ணெய் 50 கிராம், மைதா 1 மேசைக்கரண்டி, கிரீம் 150 மில்லி, தயிர் 2 மேசைக்கரண்டி, காசுந்தி 1 தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

கறியை நார்களுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லியதாக வெட்டி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். அகலமான வாணலியில் வெண்ணெய் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நிறம் மாறியதும் எடுத்து வையுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு, வதங்காமல் வெந்துபோகும். காளானும் அப்படியே, அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்புப் போடாமல் பெருந்தீயில் தனியாக வதக்கி, கடைசியில் உப்புச் சேருங்கள். பிறகு வெங்காயம், பூண்டு வதக்கி, மைதாவைத் தூவிப் பச்சை வாசனை போகப் புரட்டி, ஒரு கோப்பை கறித் தண்ணீரோ வெந்நீரோ ஊற்றிக் கெட்டியாகவிடுங்கள். கறி, காளான், காசுந்தி, மிளகு சேர்த்து இரண்டு நிமிடம் கழித்து அடுப்பைச் சிறிதாக்குங்கள். கிரீமையும் தயிரையும் ஒன்றாக அடித்துக் கடைசியில் ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் தயிர் திரிந்துவிடும்.

சைவ அன்பர்களின் பங்குக்கு இப்போது வருகிறேன். கறியை விட்டுவிட்டு அரைக் கிலோ காளானில் இதையே செய்யலாம். நம் ஊரில் விற்கும் பால் காளானை 1974இல் புதிய இனமென்று அறிவியல் உலகுக்கு விவரித்தவர்கள் கல்கத்தா ஆய்வாளர்கள். அதில் ஏ.பி.கே.2 என்ற ரகத்தை 1998இல் வெளியிட்டது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வங்காளத்தில் கண்டது தமிழ்நாட்டில் பயிராயிற்று. நாம் வந்த வழிக்கு நேர் எதிர் வழி!

இனிச் சொல்லப்போவது சமையலைவிட முக்கியம். எங்கள் பூர்வீகம் ஆம்பூர். அங்கே பீஃப் பிரியாணிக்கு யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. இங்கே வீடு தேடியபோது, 'என்ன சாப்பிடுவீர்கள்?' என்ற கேள்வியிலேயே மூன்று கதவுகள் மூடின. 'மீன் மட்டும் என்று சொல்லிவிடுங்கள்' என்றார் ஒரு தரகர். என் கணவர் மறுத்துவிட்டார். வாரத்தில் ஒருநாள் மாட்டுக்கறி சமைப்போம் என்று சொல்லியே நான்காவது வீட்டுக்குக் குடிவந்தோம். கீழ்வீட்டில் சுத்த சைவமான குஜராத்திக் குடும்பம். அவர்களது பண்டிகை, விரத நாட்களை எங்கள் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். அன்று இந்த வாணலி ஏறாது.

என் மகளின் தோழிகள் வரும்போது, தட்டில் பரிமாறுமுன் பாத்திரத்தைக் காட்டி, 'இது மாட்டுக்கறி, இது காளான்' என்று அவளே சொல்வாள். தெரியாமல் ஒருவரைச் சாப்பிடவைப்பது துரோகம். அதே சமயம், தன் வீட்டுச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லக் கூசும் பிள்ளை, நாளை தன் ஊரின் பெயரைச் சொல்லவும் கூசும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் வேண்டாம் என்றுதான் இந்தச் செய்முறையை இங்கே எழுதத் துணிந்தேன்.

மீந்தால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் சிறு தீயில் சூடாக்குங்கள். சோற்றுக்கும் நன்றாக இருக்கும், தோசைக்கும் பழுதில்லை. செய்து பார்த்தவர்கள் உங்கள் கைப்பக்குவத்தை எழுதுங்கள்.