பனிக்கட்டிக்கு அடியில் மீன்கள்

குளமே உறைந்துபோனால் அதில் உள்ள மீன்கள் என்ன ஆகும்? ஐஸ் கட்டியை ஐஸ்பெட்டியில் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பலர் தோட்டத்தில் சிறு குளம் வெட்டித் தங்கமீனும் வண்ணக் கெண்டையும் வளர்க்கிறார்கள். தோட்டம் என்றதும் நம் ரப்பர்த் தோட்டத்தை எண்ணிவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூங்கொல்லையைச் சொல்கிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கடுங்குளிர். சில நாள்களில் குளத்தின் மேற்பரப்பு இறுகி மூடிக்கொள்ளும். ஆனாலும் குளிர்காலம் கழிந்ததும் அதே மீன்கள் மேலே வந்து நீந்துகின்றன.

இதற்குத் தண்ணீரின் விந்தையான குணமே காரணம். குளிரக் குளிர நீர் சுருங்கிக் கனமாகிறது. ஆனால் 4 பாகை வரையில்தான். அதற்கும் கீழே போனால் விரிந்து இலேசாகிவிடும். ஆகையால் 4 பாகை நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. பனிக்கட்டி மிதந்து, அடிநீருக்குப் போர்வையாகிறது. குளம் போதிய ஆழமாக இருந்தால்தான் இந்தப் போர்வை பயன்படும்.

மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பொறுத்தது. 10 பாகைக்குக் கீழே கெண்டையின் செரிமானம் மிகவும் மந்தமாகிவிடும். அது அடியில் அசையாமல் கிடந்து, உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே காலம் தள்ளும். பாவம் என்று தீனி போட்டால், அது அழுகி நீரைத்தான் கெடுக்கும்.

உண்மையில் அங்கே மீனைக் கொல்வது குளிரைவிட மூச்சுத்திணறலே. இலையுதிர்காலத்தில் விழுந்த சருகுகள் அடியில் அழுகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பனிக்கட்டி மூடியிருப்பதால் புதுக் காற்று இறங்காது. கெட்ட வாயு வெளியேறாது. எனவே சருகை முன்கூட்டியே அள்ளிவிடுகிறார்கள். உறைந்த பின், வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உருக்கி ஒரு துளை உண்டாக்குகிறார்கள். சுத்தியலால் உடைப்பது தவறு. அந்த அதிர்ச்சி நீரில் பரவி மீனுக்குத் தீங்கு செய்யும். தங்கமீன் மட்டும் கெட்டிக்காரன்! பிராணவாயு அற்றுப்போனாலும், உடலில் சேரும் அமிலத்தை மதுவாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிச் சில காலம் பிழைத்திருக்கும். கள்ளுக்கடைப் பக்கம் போகாமலே மது காய்ச்சும் மீன் இது.

நம் குளத்துத் திலாப்பியாவை அங்கே விட்டால் குளிரிலேயே செத்துவிடும். ஆனால் மூச்சுத்திணறல் நம் குளத்திலும் உண்டு. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் வேளையில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு அல்ல அது, காற்றுக்குத் தவிப்பு. பாசி பகலில் வெயில் வெளிச்சத்தில் பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அதுவே எடுத்துக்கொள்கிறது. நாள் முழுதும் மேகமூட்டமாக இருந்தால் மறுநாள் விடியலில் பற்றாக்குறை கடுமையாகும். அளவுக்கு மிஞ்சிய சாணமும் மிச்சச் சோறும் அதை இன்னும் கடுமையாக்கும். குளத்தை மூடிய ஆகாயத்தாமரையும் அந்நாட்டுப் பனிக்கட்டியைப் போன்றதுதான்.

மீன் அப்படித் தவிப்பதைக் கண்டால் அன்றைக்குத் தீனியும் சாணமும் போடாதீர்கள். புதுத் தண்ணீர் விட வசதி இருந்தால், உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். வசதி இல்லையேல் குளத்து நீரையே வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். வெயில் ஏறும்வரை பிள்ளைகள் மாறி மாறி இதைச் செய்யலாம். ஆகாயத்தாமரையைப் பாதிக்கு மேலாவது அன்றே அள்ளிக் கரையேற்றிவிடுங்கள்.